தாயின் குற்றமா?

முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மதிய உணவில் கிடைத்த முட்டையில் பாதியைத் தின்றாள். மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் மறைத்தாள். கண்டோம்; கண்டித்தோம். "உண்ணக் கொடுத்ததை ஒளித்து வைக்கலாமா?" என்று உரத்த குரலில் கேட்டோம். "தம்பிக்கு, சார்" என்றாள். தம்பிக்கு வயது ஒன்றரை.

அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்றோம். அறிவுரை கூறத்தான் சென்றோம். ஆசிரியர்களாகிய நமக்கு அந்த நோய் உண்டு. பட்டம் பெற்றுவிட்டால், ஏழையின் வாயிலில் நின்று உபதேசிக்கும் உரிமையும் உடன் கிடைத்துவிட்டதாக ஒரு நினைப்பு! "ஏனம்மா, பிள்ளையை இப்படி இளைக்க விட்டிருக்கிறீர்கள்? பருப்பும் கீரையும் கொடுக்கக் கூடாதா?" என்றோம். அந்தத் தாய் சினக்கவில்லை. "காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போறேன் சார், பொழுது சாயத்தான் வர்றேன். இவன எங்க அத்தைகிட்ட விட்டுட்டுப் போறேன். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. என்னத்த ஊட்டுவாங்க?" என்றாள். நம்மிடம் மறுமொழி இல்லை.

குழந்தையின் மெலிவுக்கு யார் பொறுப்பு? தாயின் அறியாமை என்பர் படித்தோர். தலையெழுத்து என்பர் பழமை பேசுவோர். கேட்பதற்கு இரண்டும் வெவ்வேறு விடைகள். ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றே. இரண்டும் சமுதாயத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, மாலையிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

தலையெழுத்தென்றே வைத்துக்கொள்வோம். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கின்றனர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேர். பிரமன் எழுதுவதானால், மாநில எல்லை பார்த்தா எழுதுகிறான்? செல்வர் இல்லத்துக் குழந்தைகளைவிட வறியோர் குடிசைக் குழந்தைகளிடம் இக்குறை ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுகிறதே, எழுதுகோல் பணப்பையையும் பார்க்கிறதா? 25 என்ற எண்ணிலும் நாம் பெருமை கொள்வதற்கில்லை. நால்வரில் ஒரு பிள்ளை குன்றி நிற்கும் நாட்டில், அண்டை வீட்டைவிட நம் வீடு மேலென்று மார்தட்டுவது மானமுள்ளோர் செயலாகாது.

அறியாமை என்ற வாதத்துக்கு வருவோம். குழந்தையின் உடல், தாயின் உடலில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையுற்றவர் என்கிறது அதே கணக்கெடுப்பு. ஏன் இந்தச் சோகை? கணவன் உண்டபின், மாமனார் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், பானையின் அடியைச் சுரண்டி உண்பவள் அவள். அதற்குக் கற்பு என்றும் பண்பு என்றும் பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். அடிப்பானைச் சோறு தின்றவள் வயிற்றில் வளரும் கரு எதைத் தின்று வளரும்? எடை குறைந்து பிறக்கிறது. பிறகு ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே தருக என்கிறது மருத்துவம். நன்று. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுச் சட்டம் 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு தந்தது. அதுவும் நன்று. ஆனால் யாருக்கு? அலுவலகத்திலும் ஆலையிலும் வருகைப் பதிவேட்டில் பெயருள்ளவளுக்கு. நாற்று நடுபவளுக்கும், செங்கல் சுமப்பவளுக்கும், வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவளுக்கும் விடுப்பு தருபவர் யார்? அரசின் மகப்பேறு உதவித்தொகை வருகிறது, வாழ்த்துகிறோம். ஆனால் அத்தொகை தீர்ந்த மறுநாள் அவள் வயலில் நிற்கிறாள், பால் கட்டிய மார்போடு. குழந்தை வீட்டில் அழுகிறது. அவளுக்குத் தெரியாதா, குழந்தைக்குப் பால் வேண்டுமென்று? தெரியும். தெரிந்ததைச் செய்ய நேரம் இல்லை. அந்த நேரத்தைக் கூலிக்கு விற்றுவிட்டாள்.

நியாயவிலைக் கடை அரிசி வயிற்றை நிரப்புகிறது. அரிசி மட்டுமே உடலை வளர்ப்பதில்லை. சத்துமாவுப் பொட்டலம் கைக்குழந்தைக்கென்று வருகிறது. பசித்த நால்வர் வாழும் வீட்டில் அது நால்வருக்கும் பங்காகிறது. தின்ற சிறிதளவும் சேரிக் குழாயின் கலங்கல் நீரால் வயிற்றுப்போக்காய்ப் போய்விடுகிறது. குழாய் கலங்கியதற்கும் தாயின் அறியாமையா காரணம்?

பள்ளியில் சோறு போட்டோம் என்று சொல்லும் தகுதி இந்நாட்டுக்கு உண்டு. 1920இல் தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கிற்று. 1956இல் காமராசர் விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு முறையும், "சோறு போடுவதா அரசின் வேலை?" என்று கேட்டவர் இருந்தனர், கேட்டவர் வீட்டுப் பிள்ளை ஒருநாளும் பட்டினியாகப் பள்ளிக்கு வந்ததில்லை. இதில் சாதியும் கை வைத்தது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைக்கலாகாதென்று எதிர்ப்பு எழுந்தது. தம் பிள்ளையின் பசியைவிடத் தம் சாதியைப் பெரிதாக எண்ணிய பெற்றோர்! அவர்களை நோக்கி நாம் அறியாமை என்று சொல்வதில்லை. ஏழைத் தாயிடம் மட்டுமே அச்சொல்லைத் துணிந்து வீசுகிறோம்.

ஆனால் தோழர்களே, பள்ளிச் சோறு ஐந்தாவது வயதில் வருகிறது. உயரம் குன்றுவதோ பெரும்பாலும் முதல் இரண்டாண்டுக்குள் நடந்து முடிகிறது. நாம் கரும்பலகையோடு காத்திருக்கும்போதே, வழக்குத் தீர்ப்பாகிவிடுகிறது. அப்படியானால் வேண்டுவது என்ன? வயல்வெளிப் பெண்ணுக்கும் ஆறு திங்கள் ஊதியம். வேலைத்தளத்தின் அருகே பிள்ளை காப்பகம். வீட்டில் அவளுக்கு முதல் பந்தி. முதலிரண்டும் அரசு தரவேண்டும். மூன்றாவதற்குச் சட்டம் வேண்டா. ஆண்மகன் தட்டை எடுத்துத் தானே பரிமாறினால் போதும். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது!

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற தாய்க்கும் குழந்தைக்கும் உணவு உரிமை என்று எழுதியது. ஏட்டில் உரிமை, நம் நாவில் இன்னும் தருமம். உரிமையென்று நாம் நம்பியிருந்தால், பாதி முட்டையை ஒளித்த சிறுமியைத் திருடியைப் போலவா விசாரித்திருப்போம்?

மறுநாளும் அவள் பாதியைச் சுற்றிப் பையில் வைத்தாள். வைக்கும்போது நம்மைப் பார்த்தாள். நாம் வேறுபக்கம் திரும்பிக்கொண்டோம். சரியாகச் செய்தோமா என்று இன்றுவரை தெளியவில்லை. அவள் எடையும் வயதுக்குக் குறைவே.