ஒளியும் நிறம், அறிவிக்கும் நிறம்

புதர்களுக்கிடையே ஒளிந்து தண்ணீர்த் துப்பாக்கியால் விளையாடுவோருக்கு, அதன் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் எதிரணிக்குக் காட்டிக்கொடுக்கும் குறையாகத் தோன்றுவதால், அதற்கு வேறு வண்ணம் பூசிவிடும் ஆசை எழுகிறது. அவ்வாறு பூச முனைவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது கறுப்பையே. ஆனால் இலைதழைகளுக்கு நடுவே ஒரே சீரான கறுப்புத் திட்டு அரிதென்பதால், அது பொருளின் உருவரையைக் கத்தரித்து வைத்ததுபோலக் காட்டிவிடுகிறது.

மறைவு என்பது தனி நிறத்தின் குணமன்று என்பதை அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இல் விளக்கினார். மேலிருந்து விழும் ஒளி ஒரு பொருளின் மேற்பரப்பை வெளுப்பாகவும் அடிப்பரப்பை இருளாகவும் காட்டுவதாலேயே அதன் திரட்சி கண்ணுக்குப் புலப்படுகிறது; மான் போன்ற விலங்குகளில் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதால் அந்த வேறுபாடு சமனாகி, உடல் தட்டையாகத் தோன்றுகிறது. எதிர்நிழல் எனப்படும் இம்முறையோடு, உருவரையைக் குறுக்கே வெட்டும் ஒழுங்கற்ற பட்டைகளான உருச்சிதைப்பு வண்ணத்தையும் சேர்த்து, மங்கிய பச்சை, பழுப்பு, சாம்பல் ஆகியவற்றைப் பளபளப்பற்ற பெயின்டில் பூசினால் துப்பாக்கி ஓரளவு மறையும். ஓரளவுதான், ஏனெனில் நனைந்த பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலம் ஒளியைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடுவதால், பளபளப்பற்ற பூச்சும் விளையாட்டு தொடங்கிய சிறிது நேரத்திலேயே மின்னத் தொடங்கும். தவிரவும், அசையும் பொருளை எந்த வண்ணமும் நெடுநேரம் மறைப்பதில்லை.

இதைவிடக் கனமான கேள்வி, அந்தப் பளிச்சென்ற நிறம் யாருக்காக இடப்பட்டது என்பதாகும். அமெரிக்காவில் 1988இல் இயற்றப்பட்ட சட்டத்தையொட்டி, பொம்மைத் துப்பாக்கிகள் வாய்முனையில் ஆரஞ்சு அடையாளத்துடனோ, உள்ளிருப்பது தெரியுமாறு ஒளி ஊடுருவும் உடலுடனோ, முழுவதும் பளிச்சென்ற நிறத்துடனோ விற்கப்பட வேண்டும் என்றானது. பொறியாளர் லோனி ஜான்சன் உருவாக்கி 1990இல் கடைக்கு வந்த, பின்னர் சூப்பர் சோக்கர் எனப் பெயர்பெற்ற தண்ணீர்த் துப்பாக்கி இந்த விதிகளின் காலத்தில் பிறந்ததே. அவ்வண்ணங்கள் விளையாடுவோரை நோக்கிப் பேசுவதில்லை. விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாமல் அவ்வழியே வருபவருக்கு, இது பொம்மை என்று தொலைவிலிருந்தே சொல்கின்றன. 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், ஆரஞ்சு முனை அகற்றப்பட்ட பொம்மைத் துப்பாக்கியை வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் போலீசாரால் சுடப்பட்டு இறந்தான். காவல் வண்டி வந்து நின்ற சில நொடிகளிலேயே அவன் சுடப்பட்டதால், அந்தச் சாவின் பழியை நிறத்தின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. எனினும் அந்த நொடிகளில் அவன் சார்பில் பேசக்கூடிய ஓர் அடையாளம் அங்கே இல்லாமற்போனது.

விளையாட்டில் மறைந்திருப்பதன் இன்பம் உண்மையானது. அதைக் குழந்தைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. ஆனால் பெயின்ட் விளையாட்டு முடிந்த பின்னும், தெருவிலும் பேருந்திலும் நீடிக்கிறது. அதனால் ஆரஞ்சு முனையையும் நீர் தெரியும் தொட்டியையும் மூடாமல், நடுவுடலில் மட்டும் பழுப்பும் பச்சையுமான பழந்துணியைச் சுற்றிக் கட்டுவது மேலான வழியாகப் படுகிறது. நனைந்த துணி பிளாஸ்டிக்கைப்போல மின்னுவதில்லை, மைதானத்தின் வாயிலைத் தாண்டுமுன் அதை அவிழ்த்துப் பிழிந்து பையில் போட்டுக்கொள்ளவும் முடியும்.