முத்துச் சலாபமும் பங்கிலாபமும்

1906ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள், சிலோன் முத்துக்குளிப்போர் கம்பனி என்னும் இலண்டன் நிறுவனத்துக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆண்டுக் குத்தகை 310,000 ரூபா. முந்திய ஆண்டிலேதான் மரிச்சுக்கட்டிக் கரையில் பெருஞ்சலாபம் நிகழ்ந்திருந்தது. ஆயின் 1892 முதல் 1902 வரை ஒரு சலாபமும் நிகழவில்லை என்பதும் அன்று யாவரும் அறிந்ததே. 1907இன் பின் பார்கள் மீண்டும் வறண்டன. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைக்கப்பட்டது.

இத்தகைய தொழிலில், நல்லாண்டின் வருவாயில் எவ்வளவைப் பங்குதாரருக்கு வழங்குதல் தகும்?

காப்புறுதிக் கணிதம் இவ்வினாவை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளது. 1903இல் சுவீடனின் லுண்ட்பேர்க் நொடிப்பின் நிகழ்தகவைக் கணிக்கும் வழியை வகுத்தார். நொடிப்பைத் தவிர்ப்பதொன்றே நோக்கமாயின் மிகையம் எல்லையின்றிக் குவிய வேண்டும். அது பொருந்தாது என்று 1957இல் இத்தாலியரான டி பினெற்றி மறுத்தார். நொடியும் வரை வழங்கப்படும் பங்கிலாபங்களின் இன்றைய பெறுமதியையே உச்சமாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரது எளிய மாதிரியில் கிடைத்த விடை ஒரு வரம்பு: மிகையம் அதனைத் தாண்டுமாயின் தாண்டியது முழுவதையும் பகிர்ந்துவிட வேண்டும். இவ்வழியிற் செல்லும் நிறுவனம் என்றோ ஒருநாள் நொடிவது உறுதி. இதைக் கணிதம் மறைக்கவில்லை. படிப்போர்தாம் பெரும்பாலும் கடந்து செல்கின்றனர்.

காப்புறுதியில் கட்டணம் சீராக வரும், இழப்புத் திடீரென வரும். சலாபத்திலோ செலவு சீரானது, பேறுதான் திடீரென வருவது. 2007இல் அவன்சி, கேர்பர், சியூ ஆகியோர் ஆராய்ந்த இரட்டை மாதிரி இதுவே. அங்கும் விடை ஒரு வரம்புதான், முடிவும் நொடிப்புத்தான்.

அறவினா இங்கேதான் எழுகின்றது. எதிர்காலத்தைக் கழித்து மதிப்பிடும் வீதம் பூச்சியத்தை நெருங்கினால் வரம்பு எல்லையின்றி உயரும். ஆகவே வீதத்தைத் தெரிபவரே நிறுவனத்தின் ஆயுளையும் தெரிகின்றார். வருங்கால நலனைக் கழித்து மதிப்பிடுவது அறத்துக்கு ஒவ்வாது என ராம்சே 1928இலேயே எழுதினார். முதலிட்டவர் தம் பணத்தை வேறிடத்தில் பயன்படுத்த விரும்புவதும் நியாயமே. ஆனால் சூத்திரத்தில் நொடிப்புக்குப் பின் எல்லாம் பூச்சியம். சிப்பியில் மூன்றிலொரு பங்கைக் கூலியாகப் பெற்றுவந்த சுழியோடிக்கு அச்சமன்பாட்டில் இடமேயில்லை.

தொன்கவுசரும் அல்பிறெக்கரும் 2007இல் நிறுவனத்தின் ஆயுளுக்கும் ஒரு மதிப்பைக் கூட்டிக் கணித்தனர். அம்மதிப்பு எவ்வளவு என்பதைக் கணிதம் தருவதில்லை; வெளியிலிருந்தே இட வேண்டும். இலண்டன் பங்குதாரர் இடும் எண் ஒன்று. மரிச்சுக்கட்டிக் கரையில் தோணியை இழுத்துவைத்துவிட்டு அடுத்த சலாபத்துக்குக் காத்திருப்பவர் இடும் எண் வேறு.