இருட்டில் தெரியும் வரலாறு

பா. இரஞ்சித் இயக்கிய 'தங்கலான்' 2024 ஆகஸ்ட் 15 அன்று திரைக்கு வந்தது. இரஞ்சித் நம் ஆவடிக்குப் பக்கத்தில் உள்ள கரலப்பாக்கத்துக்காரர். அதனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அந்தப் படத்துக்குப் போனவர்களுக்கு, நம்ம ஊர்ப் பிள்ளை எடுத்த படம் என்கிற உரிமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. எனக்கும்தான்.

1850 வாக்கில் வட ஆற்காட்டு வேப்பூரில் கதை தொடங்குகிறது. சொந்த நிலத்தைப் பறிகொடுத்த ஒருவன், அதை மீட்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரையோடு தங்கம் தேடிப் புறப்படுகிறான். விக்ரம்தான் அவன். தங்கத்துக்குக் காவலாக நிற்கிறாள் ஆரத்தி. அவளுடைய ரத்தம் விழுந்த மண் பொன்னாகிறது. பாம்பு, கருஞ்சிறுத்தை, புழுதி, கத்திச் சண்டை, கனவு எது நிஜம் எது என்று பிரிக்க முடியாத இரவுகள். கடுமையான படம். ஆனாலும் நான் அதை முழுக்க முழுக்க ரசித்துப் பார்த்தேன்.

இவ்வளவு துயரத்தை எப்படி ரசிக்க முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் படத்தில் ஓர் இடம் உண்டு. ஊர்ப் பெண்கள் முதன்முதலாக ரவிக்கை போட்டுக்கொள்கிறார்கள். பார்வதி நடித்த கங்கம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வருகின்றன. கூடவே ஆட்டம், பாட்டு. ஒரு துண்டுத் துணிக்கு இத்தனை சந்தோஷமா என்று நினைக்கும்போதே, அதுவரை அந்தத் துணி ஏன் அவர்களுக்கு இல்லாமல் இருந்தது என்பதும் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. சுற்றிலும் அவ்வளவு இருள் இருப்பதால்தான் அந்தச் சிரிப்பு அப்படிப் பளிச்சென்று தெரிகிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் இதைப் படித்திருந்தால் ஒரு வரியாகக் கடந்து போயிருப்பேன்.

இந்த மாதிரிப் படத்தைத் தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்த காட்சியை ஓடுகிற ரயிலில் கைபேசியில் பார்த்தால், திரையில் நம் முகம்தான் தெரியும். அரங்கத்து இருட்டில் உட்கார்ந்தால் பறையின் அதிர்வு நாற்காலி வழியாக உடம்புக்குள் ஏறுகிறது. ஷிப்ட் முடிந்து வந்தவர், கல்லூரிப் பையன்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் என்று முன்பின் தெரியாத நூறு பேர் ஒரே நொடியில் மூச்சைப் பிடிக்கிறார்கள்.

கதை மாயம், அதன் அடியில் இருக்கும் கோலார் தங்கவயல் நிஜம். அங்கே ஊர்க்காரர்கள் மண்ணைத் தோண்டிப் பொன் எடுப்பதை பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன் 1802-லேயே பார்த்துப் பதிவு செய்தார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித் மக்கள். 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். கம்பெனியின் கணக்கு காகிதத்தில் இருக்கிறது. வெட்டியவர்களின் பாட்டனுக்குப் பாட்டன் என்ன கனவு கண்டான் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. எழுதி வைக்கப்படாத அந்த இடத்துக்குள் போக, மாயக்கதையை விட்டால் வேறு வழி ஏது?

நம் பக்கத்திலேயே இப்படி ஒரு கதை இருக்கிறது. அம்பத்தூரைத் தாண்டி ரயில் நிற்கும் அடுத்த ஊர் திருமுல்லைவாயில். புழல் கோட்டைக் குறும்பர்களோடு போரிட்டுத் தோற்றுத் திரும்புகிறான் மன்னன் தொண்டைமான். அவன் யானையின் காலை முல்லைக்கொடி பின்னிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான். கொடியின் அடியிலிருந்து ரத்தம் பீறிடுகிறது. மண்ணை விலக்கினால் வெட்டுப்பட்ட லிங்கம். அந்தக் காயத்துக்காகத்தான் அந்த ஊர்க் கோயிலின் மாசிலாமணீசுவரருக்கு இன்றும் சந்தனக்காப்பு. மன்னனுக்குத் துணையாகப் மறுபடி போருக்குக் கிளம்பி வெற்றி தேடித் தந்த நந்தி, சுவாமிக்கு முதுகைக் காட்டி, அவரைப் போலவே கிழக்கு பார்த்து நிற்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் எருக்கந்தூண்களும் சன்னதியில் உண்டு. ரத்தம், மாயம், யுத்தம், எல்லாம் இந்தத் தலபுராணத்தில் இருக்கின்றன. நம் பாட்டிமார்கள் இதைப் பயத்தோடும் ஆசையோடும்தான் கேட்டார்கள்.

அந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குறும்பர்கள் நினைவுக்கு வருகிறார்கள். தொண்டைமானின் கதை கோயிலாக நிற்கிறது. அவர்களுடைய கதை? கோட்டை விழுந்த அன்று இரவு, புழல் ஏரிப் பக்கத்தில், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? இந்த வட்டாரத்திலிருந்து இன்னொரு பிள்ளை அதைப் படமாக எடுக்கட்டும். முதல் நாள் முதல் காட்சிக்கே நான் போய்விடுவேன்.