இரண்டாம் பாகத்தை விளையாடலாமா?



இந்த மாதம் சமயக் கட்டுரை எழுதும் முறை என்னுடையது. விரதத்தைப் பற்றியோ திருவிழாவைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எழுதப்போவது ஒரு கேமைப் பற்றி. கொஞ்சம் பொறுமையா படிங்க, சமயம் தானா வந்து சேரும்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2013-இல் வந்தது. நான் அதை மூன்றாம் படிவத்தில் படிக்கும்போது விளையாடினேன். பூஞ்சைத் தொற்றால் உலகமே நாசமாகிவிட்டது. மகளைப் பறிகொடுத்த ஜோயல், அந்த நோய் ஒட்டாத எல்லி என்ற 14 வயதுப் பெண்ணை பாஸ்டனிலிருந்து சால்ட் லேக் சிட்டி வரை காப்பாற்றிக் கொண்டுபோகிறார். அங்கே அவளை அறுவை செய்தால்தான் தடுப்பு மருந்து கிடைக்குமாம். ஆனால் அவள் பிழைக்கமாட்டாள். ஜோயல் என்ன செய்தார்? மருத்துவரையும் எதிர்ப்பட்டவர்களையும் கொன்றுவிட்டு எல்லியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு அவளிடம் பொய்யும் சொன்னார். கண்ட்ரோலர் என் கையில்தான் இருந்தது. ஒரு தடவைகூட தப்புன்னு தோணல.

இரண்டாம் பாகம் 2020 ஜூனில் வந்தது. நான் இன்னும் தொடவில்லை. ஆரம்பத்திலேயே அபி என்ற பெண் ஜோயலைக் கொன்றுவிடுகிறாள். அவள் அந்த மருத்துவரின் மகள். அதோடு, பாதிக் கேமை நாம் அபியாகவே விளையாட வேண்டும். “ஜோயலைக் கொன்னவளா நான் விளையாடணுமா? முடியாதுடா” என்று அறை நண்பனிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே டிஸ்க்கை என் மேசையில் வைத்துவிட்டு செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நம் சமய வகுப்பில் அசுவத்தாமன் கதை வந்தது. இரவில் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து மகன்களையும் கொன்றவன். சின்ன வயசிலிருந்தே எனக்கு அவன் வில்லன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை நான் யோசித்ததே இல்லை. மகன் இறந்துவிட்டான் என்ற பொய்யைக் கேட்டுத்தான் துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். அந்த நிலையில்தான் அவர் தலை வெட்டப்பட்டது. அசுவத்தாமனும் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைதான். அதற்காக அவன் செய்தது தர்மம் ஆகிவிடாது.

பாகவதத்தில், அர்ச்சுனன் அவனைக் கட்டி இழுத்துவந்து திரௌபதியின் முன் நிறுத்துகிறான். அவளோ அவனை விட்டுவிடச் சொல்கிறாள். நான் அழுவதுபோல் இவனுடைய தாயும் அழக்கூடாது என்பதுதான் அவள் காரணம். அவன் தண்டனையிலிருந்து தப்பவில்லை. தலையில் இருந்த மணியைப் பறித்துக்கொண்டு, முடியை மழித்துத் துரத்துகிறார்கள். அவன் செய்ததைச் சரி என்று திரௌபதி சொல்லவே இல்லை. அவனுக்குப் பின்னால் ஒரு தாய் இருப்பதைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்று வகுப்பில் எனக்கு மாமா ஞாபகம் வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த ஒரு கார் அவர் மோட்டாரை மோதியது. இன்றைக்கும் கைத்தடியோடுதான் நடக்கிறார். காரை ஓட்டியவனுக்கு என் வயசுதான் இருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஆரஞ்சுப் பழப் பையோடு மருத்துவமனைக்கு வந்தான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அத்தை அந்த அம்மாவை உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். போலீஸ் ரிப்போர்ட்டை அவர் மீட்டுக்கொள்ளவில்லை. அது அதுபாட்டுக்கு நடந்தது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சண்டை போட்டேன். “அவனுக்காக இல்லடா. அந்த அம்மாவுக்குக் கை நடுங்குச்சு,” என்றார்.

அவன் ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமாவைப் பார்க்க வருகிறான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாமாமேல் எனக்குப் பாசம், ஜோயல்மேல் பாசம் என்று சொல்லிக்கொண்டேன். பதி, பசு, பாசம் என்று நாம் படித்திருக்கிறோமே, அங்கே பாசம் என்றால் கட்டு, உயிரைக் கட்டிவைக்கும் கயிறு. அதில் ஒன்றான ஆணவம் இருட்டு மாதிரி மறைக்கும் என்கிறது சித்தாந்தம். எனக்கு மறைத்தது எதிர்ப்பக்கத்தின் வலியை. அதைப் பார்த்தால் என் கோபம் குறைந்துவிடுமோ என்ற பயம்தான் எனக்கு. மாமாவே விட்டுவிட்ட கோபத்தை நான் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் விளையாடப் போகிறேன். இது பெரியவர்களுக்கான கேம், தம்பி தங்கைகள் தேட வேண்டாம். அபியாக விளையாடுவது சுலபம்தான், பட்டனை அழுத்தினால் போதும். வரும் தீபாவளிக்கு அவன் வரும்போது, அறையை விட்டு வெளியே வந்து “வாங்க, உட்காருங்க” என்று சொல்லணும். அதுதான் எனக்குக் கஷ்டம். சொல்லிவிட வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சாத்திய கதவு ஒன்று இருந்தால், திரௌபதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், கேமின் முடிவு எனக்கு இன்னும் தெரியாது. யாரும் சொல்லிடாதீங்க.

ஓம் சரவணபவ.