எந்த ஊர்? எந்தத் தெரு?

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டி ஓர் உணவு விடுதி; நண்பகல் வேளை. கல்வராயன் மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்த உழவர் ஒருவர், கடுக்காயும் புளியும் விற்ற காசை மடியிலே முடிந்துகொண்டு உள்ளே நுழைகிறார். காலியாகக் கிடந்த நாற்காலியில் அமர்கிறார். எதிரே, ஆலைக்குக் கரும்பு அனுப்பிவிட்டு வந்த நிலக்கிழார். பக்கத்திலே, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து கூலி வேலைக்கு வந்த தொழிலாளி. மூவருக்கும் ஒரே வாளியிலிருந்து சாம்பார். ஒரே கரண்டியால் பொரியல். ஒரே குழாயில் கைகழுவல். உண்டனர், காசைக் கொடுத்தனர், எழுந்து சென்றனர். ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்படி ஒரு காட்சியைச் சொன்னால், "நாள்தோறும் நடப்பதுதானே, இதிலே என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். நாள்தோறும் நடக்கும் ஒன்றாக இது ஆவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, எத்தனை பேர் அடிபட்டனர், எத்தனை பேர் சிறைப்பட்டனர் என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சேரன்மாதேவியில், தேசியம் கற்பிக்க எழுந்த குருகுலத்திலே, பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி வைத்தார்களே, அது 1924-25-இல் நாட்டையே கலக்கிற்று. இரயில் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனர்க்கு ஒரு பகுதி, மற்றவர்க்கு ஒரு பகுதி என்றிருந்த ஏற்பாடு, கண்டனக் குரல் எழுந்த பின்னர்தான், 1941-இல் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், சாதியின் பேரால் எவரையும் உணவு விடுதிக்குள் தடுக்கலாகாது என்று 15-ஆம் பிரிவிலே எழுதிற்று. 17-ஆம் பிரிவிலே தீண்டாமையை ஒழித்தது. 1955-இன் சட்டம், விடுதியின் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் ஒருவரைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும், 1957-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒற்றைச் சொல்லை அழிக்கப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் தோழர்கள் நாள்தோறும் சென்று கைதாயினர்.

ஒரு சொல்லுக்காகவா இத்தனை பாடு? ஆம், ஒரு சொல்லுக்காகத்தான். ஒரு கடையின் நெற்றியிலே எழுதப்பட்ட உயர்வு, தெருவிலே நடக்கும் ஒவ்வொருவன் நெற்றியிலும் எழுதப்பட்ட இழிவு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆகவே, கள்ளக்குறிச்சி மேசையிலே மூவர் உட்கார்ந்தது வெற்றிதான். மறுக்கவில்லை நாம். ஆனால், எதன்மீது கண்ட வெற்றி, எவ்வளவு தூரத்திற்கான வெற்றி என்று அளந்து பார்க்க வேண்டாமா? பகுத்தறிவாளன் தோல்வியை மட்டுமல்ல, வெற்றியையும் ஆராய வேண்டியவன் அல்லவா?

மாலையில் அந்தத் தொழிலாளி தம் ஊருக்குத் திரும்புகிறார். ஊர் முகப்பிலே தேநீர்க் கடை. அங்கே விசுப்பலகை உண்டு. கண்ணாடிக் குவளை உண்டு. அவருக்கு மட்டும் விசுப்பலகை இல்லை. கண்ணாடிக் குவளையும் இல்லை. இரட்டைக் குவளை என்று நாம் கண்டித்துப் பேசிப் பேசி, அது இப்போது புது வேடம் பூண்டிருக்கிறது. சில ஊர்களில், உட்கார்ந்து குடிப்பவருக்குக் கண்ணாடிக் குவளை, நின்று குடிப்பவருக்குத் தூக்கி எறியும் காகிதக் குவளை! கேட்டால், "தூய்மைக்காக" என்பார் கடைக்காரர். தீட்டு என்ற சொல்லைத் தொலைத்துவிட்டுத் தூய்மை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது பழமை. அவ்வளவுதான் மாற்றம்.

நண்பகலில் கிடைத்த நாற்காலி மாலையில் எங்கே போயிற்று? நண்பகலில் அவரை எவரும் அறியார். மாலையில் எல்லோரும் அறிவர். பேருந்து நிலையத்து விடுதி, "எந்த ஊர்? எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கவில்லை. சொந்த ஊர்த் தேநீர்க் கடைக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இந்த மூன்று கேள்விகளும் நம் நாட்டிலே எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊரை அறியும் ஆவலில் ஊரைக் கேட்பவர் சிலர். தெருவைக் கேட்டுச் சாதியைக் கணக்கிடுபவர் பலர். நகரத்து விடுதி நமக்குத் தந்தது, இந்தக் கேள்வியிலிருந்து ஒரு மணி நேர விடுதலை. அந்த ஒரு மணி நேரத்தை நாம் சமத்துவம் என்று எண்ணிவிடுகிறோம்.

அம்பேத்கர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று, 1917-இல் பரோடா மன்னரிடம் பணியேற்கச் சென்றார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றிலே, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பெயர் மறைந்திருந்த வரையில் அறை இருந்தது, உணவு இருந்தது. உண்மை தெரிந்த காலையில், தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது, அவர் வெளியேற்றப்பட்டார். அதே மனிதர், அதே படிப்பு, அதே காசு. மாறியது ஒன்றே ஒன்று: அவர் யார் என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால், அதுவரை அவருக்கு அங்கே கிடைத்தது மரியாதையா? அல்ல, அவர் எழுதிய பொய்ப் பெயருக்குக் கிடைத்த மரியாதை!

இதோடு இன்னொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரிலே, கருப்பின மாணவர் நால்வர் பெருங்கடை ஒன்றின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து காப்பி கேட்டனர். அதே கடையில் அவர்கள் பற்பசை வாங்கலாம். ஆனால், உட்கார்ந்து காப்பி அருந்தக் கூடாது! மறுக்கப்பட்டும் அவர்கள் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர். பல நகரங்களுக்குப் பரவிற்று. சூலைத் திங்களில் அந்தக் கடை பணிந்தது. அந்த நால்வருக்கும் மறைப்பதற்கு வழியில்லை. தோலின் நிறமே பெயர்ப் பலகை. ஆகவே, அவர்கள் பெற்ற நாற்காலி, "இவர் யார்" என்று அறிந்தே தரப்பட்ட நாற்காலி. நம் நாட்டிலோ சாதியை மறைத்துக்கொள்ள முடிகிறது. மறைக்க முடிவதால், மறைத்ததையே வென்றதாக எண்ணி மயங்குகிறோம்.

"யார் என்று கேட்காத உலகம்தானே நீங்கள் வேண்டும் உலகம்? அது விடுதியிலே வந்துவிட்டது, பிறகென்ன குறை?" என்று நண்பர் ஒருவர் கேட்கக் கூடும். நல்ல கேள்வி. கேட்க அக்கறை இல்லாமை வேறு. கேட்க அவகாசம் இல்லாமை வேறு. அவசரத்தில் உண்போரிடம் இருப்பது இரண்டாவது. இதற்குச் சான்றும் உண்டு. 2018-இல், திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றிலே சத்துணவு சமைக்க வந்த அம்மையார், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக, "எங்கள் பிள்ளைகளுக்கு இவர் சமைக்கக் கூடாது" என்று ஊரார் சிலர் தடுத்தனர். அப்படித் தடுக்கும் மனம் படைத்தவர், நகரத்து விடுதியில் தோசை உண்ணும்போது, சமையற்கட்டிலே நிற்பவர் யாரென்று எட்டிப் பார்த்ததுண்டா? இல்லை. தெரியாத கை சமைத்தால் இனிக்கிறது. தெரிந்த கை சமைத்தால் கசக்கிறது! நாக்கிலே இல்லை கசப்பு, நெஞ்சிலே இருக்கிறது.

மலையிலிருந்து வந்த உழவரிடம் மீண்டும் வருவோம். அந்த மேசையிலே, தம்மை மறைத்துக்கொள்ள இயலாதவர் அவர். பேச்சு காட்டும், உடை காட்டும், தோளிலே தொங்கும் பை காட்டும். பரிமாறுபவர் எதிரிலிருக்கும் நிலக்கிழாரிடம், "என்ன வேணுங்க?" என்கிறார். இவரிடம் திரும்பி, "உனக்கு என்ன?" என்கிறார். சோறு ஒன்றுதான், சாம்பார் ஒன்றுதான். அந்த ஒரு 'ங்க' மட்டும் குறைகிறது. கவனித்திருக்கிறீர்களா, தோழர்களே? விலைப் பட்டியலில் இல்லாத பண்டம் அது. ஆனால், மனிதனுக்கு முதலில் பரிமாற வேண்டியதே அதுதான்.

அந்த மலை மக்கள் யார்? 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையிலே கிடந்தவர்கள். நாட்டிற்கு விடுதலை வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரே அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தவர்கள். சங்க நூலான மலைபடுகடாத்தை எடுத்துப் பாருங்கள். கல்வராயனுக்கு அருகிலுள்ள செங்கத்து நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு, வழியிலுள்ள மலைக் குடியினர் உறவினரைப் போல் உணவளிப்பர் என்று அது கூறும். முன்பின் அறியாதவர் வந்து, தாம் யாரென்று சொல்லி நிற்க, உறவு சொல்லி உணவிட்டனர் என்பது அங்கே சொல்லப்படும் பெருமை. அத்தகைய விருந்தோம்பலுக்குப் பேர்போன மலைக் குடியிலிருந்து ஒருவர் சமவெளிக்கு வந்தால், காசு கொடுத்தும் ஒரு 'ங்க' கிடைக்கவில்லை!

அவர் விளைவிக்கும் சாமையும் தினையும் ஒரு காலத்தில் 'ஏழை உணவு' என்று எள்ளப்பட்டன. 2023-ஐ உலகம் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று; பெருநகர விடுதிகளிலே சாமைச் சோறு இன்று நாகரிக உணவு. தானியத்திற்கு உயர்சாதிப் பட்டம் கிடைத்துவிட்டது. விளைவித்தவர்க்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. விடுமுறை நாளில் பெரியார் அருவியிலே நீராட மலையேறும் நகரத்து நண்பர்கள், சாலையோரக் கடையில் உண்ணும்போது இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

உண்ணுமிடம் மனிதனுக்குப் பெயர் சூட்டுவது போலவே, குடிக்குமிடமும் சூட்டுகிறது. 2024 சூன் திங்களில், இதே கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பிணங்கள் வரிசையாகக் கிடந்தபோதே, "குடிகாரர்கள்தானே!" என்று பேசினவர் உண்டு. பெருநகரத்தில், குளிரூட்டிய மதுக்கூடத்தில், மங்கிய விளக்கின் கீழே குடிப்பவர் 'களைப்பாறுகிறார்'. கருணாபுரத்தில் குடித்தவன் 'கெட்டழிந்தான்'! குடியை நாம் ஆதரிக்கவில்லை. எந்தக் கோப்பையில் ஊற்றினாலும் அது அறிவைக் கெடுப்பதே. ஆனால், ஒரே செயலுக்கு, இடத்தின் விலைக்கேற்ப இரண்டு பெயர் வைக்கும் ஒழுக்கத்தை ஒழுக்கம் என்று ஒப்ப மாட்டோம். காசு, சாதியின் கதவைச் சற்றே திறந்துவிட்டது உண்மை. திறந்த கையோடு, காசில்லாதவனை நிறுத்தத் தானே வாயிற்காவலனாகவும் நின்றுகொண்டது.

அப்படியானால், உடனுண்ணுதலால் பயனே இல்லையா? உண்டு. 1917-இல் கேரளத்துச் செறாயிலே, சகோதரன் அய்யப்பன் ஒடுக்கப்பட்டவரோடு அமர்ந்து உண்ட சமபந்திக்காக, 'புலையன் அய்யப்பன்' என்று சொந்தச் சாதியாரே வசைபாடினர். அதைப் பட்டமாக ஏற்றார் அவர். ஊரறிய, பெயரறிய, விளைவறிந்து உண்ட உணவு அது. ஆகவேதான் அது கிளர்ச்சியாயிற்று. ஆனால், உடனுண்ணல் மட்டும் சாதியைக் கொல்லாது, மணவுறவு கலந்தாலன்றித் தீராது என்று 1936-இலேயே எழுதினார் அம்பேத்கர். பந்தி தொடக்கம், முடிவு அன்று. நகரத்து மேசையோ, அந்தத் தொடக்கத்திற்கும் முந்திய ஒத்திகை.

ஆகவே, இளந்தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். நகரத்து விடுதியிலே நண்பர்களோடு கூடி உண்ணுங்கள், சிரியுங்கள், அது தவறன்று. ஆனால், அங்கே தோழனோடு ஒரே தட்டில் உண்டதைச் சீர்திருத்தம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அடுத்த ஞாயிறன்று அந்தத் தோழனை உங்கள் ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊர் முகப்புத் தேநீர்க் கடையிலே, உங்கள் சிற்றப்பனும் பெரியப்பனும் பார்க்க, விசுப்பலகையில் பக்கத்திலே அமர்த்துங்கள். அவன் பெயரைச் சொல்லுங்கள்; அவன் தெருவையும் சொல்லுங்கள். பிறகு, வீட்டிற்கு அழைத்துச் சென்று, அம்மாவின் கையால் உணவு பெறச் செய்யுங்கள். மறுவாரம், அவன் வீட்டுத் திண்ணையிலே, அவன் தாய் பரிமாற நீங்கள் உண்ணுங்கள். அவன் விரும்பினால் மட்டும். அவனைக் காட்சிப் பொருளாக்கி உங்கள் பெருமையை வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

அது விடுதியில் உண்பதைப் போல் எளிதாக இராது. முகங்கள் சுளிக்கும், பேச்சு நிற்கும், பாட்டி எழுந்து உள்ளே போய்விடக் கூடும். வெளியூர் மேசையிலே கிடைத்த ஒரு மணி நேரச் சமத்துவத்திற்கு விலை, ஒரு சாப்பாட்டுக் காசு. சொந்த ஊர்த் திண்ணையிலே பெறும் சமத்துவத்திற்கு விலை, நம் உறவினரின் மனத்தாங்கல். இரண்டாவதைத் தர அஞ்சுபவன், முதலாவதைக் காட்டிப் பெருமை பேசலாகாது.

"எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று கேட்கட்டும். தலைநிமிர்ந்து விடை சொல்லட்டும். சொன்ன பின்னும், பரிமாறும் கை நடுங்காதிருக்குமானால், அந்தப் பந்தியே பந்தி.