யோசனையும் ஜாமீனும்

ஒருவன் என்ன தொழில் கற்க வேண்டும் என்ற கேள்வி நம் தேசத்தில் அவனிடம் கேட்கப்படுவதில்லை. ஜாதி ஏற்கெனவே அதற்குப் பதில் சொல்லி வைத்திருக்கிறது. அந்தப் பதிலைப் புதுப்பிக்கவோ மாற்றவோ அரசு முயலும்போதெல்லாம் ஒரு நிபுணர் குழு அமைகிறது. குழுவின் அறிவைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதன் தார்மீகப் பொறுப்பைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை.

1953இல் ராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். குலக் கல்வி என்று எதிரிகள் இட்ட பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எதிர்ப்பு வலுத்து, ஆகஸ்டில் பருலேகர் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. நவம்பரில் அது திட்டம் சரியானதே என்று சொல்லிற்று. 1954இல் காமராஜ் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இதை அறிவுக்கும் அரசியலுக்கும் நடந்த சண்டையாகப் பார்ப்பது சுலபம். குழுவினர் மூடர்களல்லர். கையால் செய்து கற்பது நல்லதா என்று பார்த்தார்கள்; நல்லதுதான். 1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரமும் அதுவே. ஆனால் கையால் கற்பது வேறு, தகப்பன் கையால் கற்பது வேறு. முன்னது கல்விப் பிரச்னை. பின்னது, சலவைத் தொழிலாளியின் மகன் என்னவாகலாம் என்ற பிரச்னை. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் செல்லுபடியாக்கியதில்தான் தவறு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நிபுணத்துவம் தேவைப்படவில்லை. சலவைத் தொழிலாளியின் மகனாக இருந்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கோயில் பூஜையில் வாரிசுரிமை கூடாது என்று 1969இல் இளையபெருமாள் குழு சொல்லிற்று. 1971இல் வந்த சட்டம் அந்த உரிமையை நீக்கியது. எல்லா ஜாதியினருக்கும் அர்ச்சகர் பயிற்சி தரலாம் என்று 1982இல் மகராஜன் குழு சிபாரிசு செய்தது. 2006இல் அரசாணை பிறந்து, நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் இன்னொரு குழு அமைந்தபின், ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. அவற்றில் ஒன்று திருவண்ணாமலையில். இருநூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் ஆறு பள்ளிகளிலுமாகப் படித்து, தீட்சை பெற்று, சான்றிதழோடு வெளியே வந்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 2015 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. அதுவும் ஆகமத்தையும் அரசியல் சட்டத்தையும் ஒருசேர மதிக்கச் சொன்ன தீர்ப்பு. 2018இல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டில் 24 பேர் நியமிக்கப்பட்டார்கள். 2007இல் இருபது வயதில் மந்திரம் கற்கத் தொடங்கியவனுக்கு அப்போது முப்பத்து நான்கு. இருநூறில் மீதிப் பேரைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்கிறது. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் ஜாமீன் கையெழுத்து யாருடையது என்றே முதலில் பார்ப்பான். கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் ஜாமீன்தாரன் கட்ட வேண்டும். குழுவின் அறிக்கையில் எத்தனையோ கையெழுத்துகள் இருக்கின்றன. ஜாமீன் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. யோசனை பலிக்காவிட்டால் செலவாவது யோசனை சொன்னவரின் வயதல்ல.

அப்படியானால் நிபுணர்களே ஜாமீன் நிற்கட்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அந்த அபிப்பிராயத்தில் எனக்குச் சம்மதமில்லை. ஜாமீன் நிற்க வேண்டியவன் நஷ்டம் வராத யோசனையைத்தான் சொல்வான். நஷ்டமே வராத தொழிற்பயிற்சி இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான்: தகப்பன் தொழில். அதற்கு வேலை உத்தரவாதம் பிறப்பிலேயே இருக்கிறது. இந்தக் கணக்குப்படி 1953இன் குழு ஜாக்கிரதையானது, 2006இன் குழு பொறுப்பற்றது என்றாகிவிடும். என் மனம் அதை ஒப்பவில்லை. ஆபத்தான யோசனைதான் நியாயமான யோசனையாக இருந்தது.

ஆகவே கேள்வி, யோசனையில் ஆபத்து இருக்கலாமா என்பதல்ல. அந்த ஆபத்தை யார் சுமப்பது என்பது. யோசனையை ஏற்றுப் பள்ளியைத் திறந்த அரசு, வழக்கு முடியும்வரை அந்த இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்பேன். ஜாதியை எதிர்ப்பது சமூகத்தின் கடமையென்றால் அதன் செலவும் சமூகத்தினுடையது. கல்லுடைக்க அனுப்பப்பட்டவனிடமே உளிக்கும் காசு கேட்பது சீர்திருத்தம் ஆகாது.

நிபுணர்களுக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. எதைக் கற்பிப்பது, எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம் என்றெல்லாம் எழுதியபின் ஒரு வரி சேர்க்க வேண்டும்: இது பலிக்காவிட்டால் நஷ்டம் இன்னாருடையது. பெயர் எழுத வேண்டிய அந்த இடத்தில், படிக்க வந்த பையனின் பெயரை எழுத யாருக்கும் கை வராது என்றே நம்புகிறேன்.