விதியும் விலக்கும்

ஒரு பாஷையில் எந்தச் சொற்கள் இலக்கணத்துக்கு அடங்காமல் திரிகின்றன என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வீட்டுக்குள் ஓயாமல் புழங்குகிற சொற்களே அடங்காதவை. எப்போதாவது எடுத்து ஆளுகிற சொற்கள் பெரும்பாலும் பரம சாது. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நடி' என்ற சொல்லை நடிக்கிறேன், நடித்தேன் என்று எந்தப் பையனும் சொல்லிவிடுவான். 'வா' என்பதோ வருகிறேன் என்றும் வந்தேன் என்றும் ஆளுக்கு முன் வேஷம் மாற்றுகிறது. நமக்கு அது வேஷமாகவே தெரிவதில்லை. தாயின் இடுப்பில் இருந்தபடியே கற்றுக்கொண்டுவிட்டோம்.

வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். 1680-ல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், வயது வந்தபின் தமிழ் கற்றவர். அவர் செந்தமிழுக்கு மட்டும் இலக்கணம் செய்துவிட்டு நிற்கவில்லை. ஜனங்கள் பேசுகிற தமிழுக்கும் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ஏட்டின் விதியைப் போலவே தெருவின் வழக்குக்கும் தலைவணங்கினார் என்று அர்த்தம்.

இத்தாலியிலிருந்து தமிழுக்கு வரும் பாதை இன்றும் தூர்ந்துபோகவில்லை. திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றித் தங்குகிற வெளிநாட்டாரில் இத்தாலியரும் உண்டு. அவர்களில் சிலர் 'வந்தேன்' என்பதோடு போராட, நான் அவர்களுடைய வினைச்சொற்களோடு போராடிக்கொண்டிருக்கிறேன்.

'பர்லாரே' என்றால் பேசுவது. பேசுகிறேன் என்பதற்கு பர்லோ, பேசுகிறோம் என்பதற்கு பர்லியாமோ. இந்த ஒரு வாய்பாட்டைப் படித்தவனுக்கு ஆயிரக்கணக்கான வினைகள் கைவசமாகிவிடும். ஆனால் போவது, வருவது, வெளியே புறப்படுவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு வாய்பாடு உதவாது. 'அந்தாரே' என்றால் போவது. போகிறேன் என்பதற்கு 'அந்தோ' என்று இருக்க வேண்டும், இருப்பதோ 'வாதோ'. போகிறான் என்பதற்கு, கேட்டால் சிரிப்பீர்கள், 'வா'! வருவதற்கு 'வெனீரே', வருகிறேன் என்றால் 'வெங்கோ'. வெளியே புறப்பட 'உஷீரே'. புறப்படுகிறேன் என்றால் 'எஸ்கோ'.

இதில் இன்னொரு விசித்திரம். 'நாம்' என்று சேர்ந்து பேசும்போது இதே சொற்கள் அந்தியாமோ, வெனியாமோ, உஷாமோ என்று பர்லியாமோவின் அச்சிலேயே விழுந்துவிடுகின்றன. எல்லா வினைகளும் அப்படியல்ல. ஆனால் இப்படி நடப்பவை பல. நான், நீ, அவன் என்று தனித்து நிற்கையில் கோணுகிற சொல், நாம் என்றதும் நிமிர்ந்துவிடுகிறது.

இலக்கணம் நீதிநூல் அல்ல. ஆனாலும் இது ஒரு பழைய கேள்வியைக் கிளறுகிறது. விலக்கு என்பது நியாயமா?

தீபத்தன்று லட்சக்கணக்கானவர் கோயிலைச் சுற்றி நெருங்கி நிற்கும்போது, 'இன்னாருக்கு வேண்டியவன்' என்று சொல்லி ஒருவன் பக்கவாசலில் நுழைந்தால் அது விலக்கு. நாலு பிள்ளைகளில் நோஞ்சான் பிள்ளைக்குத் தாய் ஒரு கரண்டி பால் கூட ஊற்றினால் அதுவும் விலக்குதான். முதலாவதைக் கண்டு கொதிக்கிறவர்கள், விலக்கே கூடாது, எல்லோருக்கும் ஒரே விதி என்கிறார்கள். நேர்மையான பேச்சுதான். ஆனால் அப்படி நினைத்து 'வாதோ'வுக்குப் பதில் 'அந்தோ' என்று சொன்னால், கேட்கிற இத்தாலியன் நமக்காக நம் பாஷையிலேயே 'அந்தோ!' என்று பரிதாபப்பட வேண்டியதுதான். விதியை மட்டும் அறிந்தவன் பாஷையை அறிந்தவன் அல்ல. மனிதர்களையும் அறிந்தவன் அல்ல.

அப்படியானால் இரண்டு விலக்குகளையும் எப்படிப் பிரித்தறிவது?

1896-ல் பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்த ரமணர், 1950-ல் மறையும்வரை இங்கேயே இருந்தார். பந்தியில் மற்றவர்களுக்கு இல்லாத எதையும் தம் இலையில் பரிமாற அவர் சம்மதித்ததில்லை. அதே ரமணர், ஆசிரமத்துப் பசு லக்ஷ்மி 1948-ல் இறந்தபோது, மனிதர்க்குச் செய்வதுபோல அதற்குச் சமாதி அமையச் செய்து, ஒரு வெண்பாவும் பாடி வைத்தார். எந்த விதியில் இருக்கிறது இது? விதியைத் தம்மேல் வைத்துக்கொண்டார். விலக்கைப் பிறர்க்குக் கொடுத்தார். பிரித்தறிய எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை.

'பிறருக்காகத்தான் கேட்கிறேன், என் பிள்ளைக்கு ஒரு வேலை' என்று சிபாரிசுக்கு வருகிறவரும் உண்டே என்பீர்கள். அதற்குத் தமிழ் இலக்கணமே பதில் சொல்கிறது. நம் பாஷையில் 'நான்' என்ற சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது 'என்' என்று திரிந்துவிடும். என் பிள்ளை, என் ஊர், என் ஜாதி என்கிற இடங்களிலெல்லாம் நிற்பது வேஷம் மாற்றிய அதே 'நான்'தான். அங்கே கேட்கப்படுவது பிறருக்கான விலக்கு அல்ல.

சொல்வது சுலபம். யாருக்கு எப்போது விதியைத் தளர்த்துவது என்பதற்கு வாய்பாடு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனின் கோணலை ஒருவிதமாக, தம்பியின் கோணலை இன்னொருவிதமாக, ஒவ்வொன்றாகப் பழகித்தான் கற்க வேண்டும். தினம் சொல்லிச் சொல்லித்தான் 'வாதோ' நாக்கில் படிகிறது. இதுவும் அப்படியே.